வீட்டின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட்: சேலம், ஏற்காடு வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் நிற்கும் வீட்டுக்கும் ஏற்காட்டில் நிற்கும் வீட்டுக்கும் ஒரே டப்பா பெயிண்ட் வாங்கலாம். வேலை ஒன்றல்ல. கீழே சேலத்தில் வெயில் பெயிண்டைத் தின்கிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் பனியும் மழையும் பாசியும் தின்கின்றன. இரண்டு இடத்திலும் பெயிண்ட் உரிய முதல் காரணம் சுவருக்குள் போன தண்ணீர்தான். கீழே உள்ள பதில்களில் பாதி அதைச் சுற்றியே வரும்.

எந்த மாதத்தில் வேலையைத் தொடங்குவது நல்லது?

சேலத்தில் தை பாதியிலிருந்து பங்குனி வரை, அதாவது ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த சுவர் அதற்குள் உலர்ந்திருக்கும். வெயிலும் இன்னும் உச்சத்துக்கு வந்திருக்காது. பொங்கலுக்குள் முடித்துவிட வேண்டும் என்று மார்கழியில் அவசரமாக அடிக்கும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. பெயிண்டர் கிடைக்காத மாதமும் அதுதான், சுவரில் ஈரம் மிச்சமிருக்கும் மாதமும் அதுதான். பண்டிகைக்கு வீட்டின் உள்பக்கம், வாசல், கேட் வரை முடித்துக்கொண்டு வெளிச்சுவரைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்காக ஆடிக்கு முன் அடிப்பவர்கள் காற்றையும் புழுதியையும் கணக்கில் எடுங்கள். ஈரப் பெயிண்டில் ஒட்டிய தூசி அப்படியே இறுகிவிடும்.

ஏற்காட்டில் பிப்ரவரி, மார்ச் மாதங்களே பாதுகாப்பான இடைவெளி. ஏப்ரல் கடைசியிலிருந்து கோடை மழை எந்த மாலையும் வரலாம்.

புது வீடு. வெளிப்பூச்சு முடிந்து எத்தனை நாள் கழித்து அடிக்கலாம்?

குறைந்தது 28 நாள். அது சிமென்ட் இறுகும் கணக்கு. உலரும் கணக்கு தனி. ஏற்காட்டில் ஒன்றரை, இரண்டு மாதம் ஆனாலும் சுவர் ஈரமாகவே இருப்பதுண்டு. நாளை மட்டும் எண்ணாமல் சுவரைச் சோதித்துப் பாருங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் தாளின் உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால், அல்லது அந்த இடத்தில் சுவர் கறுத்திருந்தால், இன்னும் காத்திருக்க வேண்டும். வடக்குச் சுவரிலும் தரையிலிருந்து இரண்டடி உயரத்திலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கடைசியாக உலரும் இடங்கள் அவை.

புதுப் பூச்சில் சிமென்டின் காரத்தன்மையும் அதிகம். காரம் தணியாத சுவரில் அடித்த பெயிண்ட் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டுமா?

பிடிப்பாக இருப்பதை எடுக்க வேண்டாம். பிடிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிளேடால் பெருக்கல் குறி கீறி, அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயிண்ட் டேப்போடு வந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டியே ஆக வேண்டும். நான்கு பக்கச் சுவரிலும் இரண்டிரண்டு இடத்தில் பார்த்தால் போதும்.

அடுத்தது உள்ளங்கைச் சோதனை. சுவரைக் கையால் துடைத்தால் மாவு மாதிரி ஒட்டுகிறதா? தெற்கு, மேற்குச் சுவர்களில் இது சாதாரணம். வெயிலில் பெயிண்டின் பசை செத்து நிறத்தூள் மட்டும் மிஞ்சிய நிலை. அதன் மேல் புதுப் பெயிண்ட் தூளைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. கம்பி பிரஷ் அல்லது 80 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தண்ணீர் அடித்துக் கழுவி, உலர்ந்த பின் பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) கொடுக்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை பக்கம் உள்ள பழைய வீடுகளில் பெயிண்டுக்கு அடியில் பல வருஷத்துச் சுண்ணாம்பு அடுக்கு இருக்கும். அங்கே சமரசம் கிடையாது. சுண்ணாம்பு முழுவதையும் சுரண்டி எடுத்தாக வேண்டும். அதன் மேல் எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்) அடித்தால் அடுத்த மழையில் தாள் தாளாக வரும்.

நல்ல கம்பெனி பெயிண்ட்தான் அடித்தோம். இரண்டே வருஷத்தில் உரிகிறது. ஏன்?

உரியும் இடத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும்.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே உரிந்தால், கைப்பிடிச் சுவரின் மேல்தலையைப் போய்ப் பாருங்கள். அங்கே மயிரிழை விரிசல் நீளவாக்கில் ஓடும். மழைநீர் அதன் வழியே இறங்கிப் பெயிண்டின் பின்பக்கத்துக்கு வரும். வெயில் பட்டதும் அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழி தேடும், பெயிண்ட் அப்பளம் போல் உப்பும். மேல்தலையை மாடியின் உள்பக்கம் சாய்வாகப் பூசி, சிமென்டோடு பாலிமர் கலந்த நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட் கொடுத்தால் இந்தத் தொல்லை அடங்கும்.

சன்ஷேடுக்கு அடியில் உரிந்தால், சன்ஷேடின் மேல்பக்கம் தண்ணீர் தேங்குகிறது. அல்லது விளிம்பில் வழியும் நீர் அடிப்பக்கமாக உருண்டு சுவருக்கு வருகிறது. அடியில் விளிம்பை ஒட்டி விரல் அகலக் காடி (நீளப் பள்ளம்) இருந்தால் நீர் அங்கேயே சொட்டிவிடும். பூச்சு வேலையில் இந்தக் காடியை விட்டுவிடும் கொத்தனார்கள் நிறையப் பேர். இல்லையென்றால் இப்போதாவது வெட்டச் சொல்லுங்கள். சின்ன வேலைதான்.

சுவரில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு இறங்கியிருந்தால் அது மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்த போர் தண்ணீரின் உப்பு. சேலத்தில் பல பகுதிகளில் போர் தண்ணீர் கடினம். ஒரு பருவம் வழிந்தாலே செதில் கட்டிவிடும், அதன் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. வழிகுழாயைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி நீட்டுங்கள், அல்லது கீழ்வரை குழாய் இறக்குங்கள். ஏசியின் தண்ணீர்க் குழாய்க்கும் இதே வைத்தியம்.

குளியலறைக்கு நேர் வெளிப்புறம் மட்டும் உரிந்தால் கசிவு உள்ளே இருக்கிறது. டைல்ஸ் இடுக்கையோ குழாயையோ சரிசெய்யாமல் வெளியே எத்தனை கோட் அடித்தாலும் வீண்.

இந்த நான்கில் எதுவும் இல்லாமல் வீடு முழுக்க ஒரே சீராக உரிந்தால் மட்டும் பெயிண்டையோ பெயிண்டரையோ சந்தேகப்படுங்கள்.

தரையை ஒட்டி இரண்டடி, மூன்றடி உயரத்துக்கு உப்பு பூத்துப் பொரிந்து விழுகிறது. என்ன செய்வது?

மண்ணிலிருந்து ஏறும் ஈரம், செங்கல்லிலும் பூச்சிலும் உள்ள உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். கழுவாதீர்கள். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள், மறுபடி பூக்கும். மறுபடி தட்டுங்கள். பூப்பது நின்ற பிறகே அடுத்த வேலை.

சுவரை ஒட்டிப் பூந்தொட்டியும் செடிப்பாத்தியும் இருந்தால் இரண்டடியாவது தள்ளி வையுங்கள். தரை வீட்டை நோக்கிச் சரிந்திருந்தால் எதிர்ப்பக்கம் சாய்வு கொடுங்கள். தட்டும்போது பூச்சு பொத்தென்று சத்தம் கொடுத்தால், கெட்ட உயரத்துக்கு மேலே இன்னும் ஓர் அடி வரை உடைத்தெடுத்து நீர்த்தடுப்பு கலந்து மறுபூச்சு பூச வேண்டும். அஸ்திவார மட்டத்தில் ஈரத்தடுப்பு அடுக்கே இல்லாத பழைய வீட்டில் இது முற்றிலும் நிற்காது, குறையும். அந்த உயரத்தில் தடித்த ரப்பர் வகைப் பூச்சு அடிக்கச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். ஈரம் மூச்சு முட்டி இன்னும் மேலே ஏறும்.

ஏற்காட்டு வீட்டில் வடக்குச் சுவர் முழுக்கப் பச்சையும் கறுப்பும். கழுவிவிட்டு அடித்தால் போதாதா?

போதாது. கண்ணுக்குத் தெரியும் பாசியைக் கழுவினாலும் வேர்ப்பிடிப்பு சுவரின் துளைகளில் இருக்கும். பெயிண்டுக்கு அடியிலிருந்தே திரும்ப வரும். முதலில் பிளாஸ்டிக் நார் பிரஷ்ஷால் தேய்த்துத் தடித்த பாசியை எடுங்கள். பிறகு 10 லிட்டர் வாளித் தண்ணீரில் அரைக் கிலோ பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்துச் சுவரில் அடியுங்கள். 20 நிமிடம் விட்டு மறுபடி தேய்த்து நல்ல தண்ணீரால் தாராளமாகக் கழுவுங்கள். கடைகளில் கிடைக்கும் பூஞ்சைக்கொல்லிக் கரைசல் வாங்கினால் அதன் லேபிளில் உள்ளபடி செய்யலாம். சில கரைசல்களைக் கழுவக் கூடாது, அப்படியே உலர விட வேண்டும்.

கையுறை, கண்ணாடி கட்டாயம். பிளீச்சிங் நீரோடு ஆசிடைக் கலக்கவே கூடாது. விஷவாயு வரும். கீழே காப்பிச் செடியோ மிளகுக் கொடியோ இருந்தால் முதலில் நல்ல தண்ணீரால் நனைத்துத் தார்ப்பாயால் மூடிவிடுங்கள்.

வீட்டின் மேல் கவிந்திருக்கும் சில்வர் ஓக் கிளையைக் கழிப்பதும் பெயிண்ட் வேலையின் பகுதிதான். ஒரு மணி நேரம் கூடுதல் வெயில் விழுந்தாலும் சுவரில் பாசி குறையும்.

விரிசலை எப்படி அடைப்பது?

அகலத்தைப் பொறுத்தது. மயிரிழை அளவென்றால் பிரைமரும் தடித்த எமல்ஷனுமே மூடிவிடும். அதற்கு மேல் 3 மில்லிமீட்டர் வரை, பட்டி பிளேடு முனையால் கீறித் தூசியை ஊதி எடுத்து, வெளிச்சுவருக்கான கிராக் பேஸ்ட்டை அழுத்தி நிரப்ப வேண்டும். பேஸ்ட் உலரும்போது இறங்கும். ஒரே தடவையில் திணிக்காமல் இரண்டு தடவையாக நிரப்புங்கள். அதைவிட அகலமென்றால் ‘வி’ வடிவில் வெட்டி, நனைத்து, பாலிமர் கலந்த சிமென்ட் கலவை வைக்க வேண்டும்.

வெள்ளைச் சிமென்டைக் குழைத்து அடைப்பது ஊரறிந்த குறுக்குவழி. சுவர் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். வெள்ளைச் சிமென்ட் அதோடு அசையாது. அடுத்த கோடையில் அதே கோடு அதே இடத்தில் தெரியும்.

கான்கிரீட் பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக ஓடும் விரிசல் தனி ரகம். இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் வருவது. அங்கே இரண்டு பக்கமும் நான்கு அங்குலம் பூச்சை எடுத்துக் கோழிவலை அடித்து மறுபூச்சு பூசினால்தான் அடங்கும். படிக்கட்டு போல் சாய்வாக ஏறும் விரிசல், அல்லது மாதாமாதம் அகலமாகும் விரிசல் இருந்தால் பெயிண்டரை விட்டுவிட்டு ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

வெளிச்சுவர் முழுக்கப் பட்டி பார்க்கச் சொல்கிறார் பெயிண்டர். தேவையா?

பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை. முன்பக்கம் கண்ணாடி போல் வழவழப்பாக வேண்டும் என்றால் அந்த முகப்புக்கு மட்டும் பாருங்கள். மற்ற மூன்று பக்கமும் பள்ளம், பொத்தல், விரிசல் அடைத்த இடங்களில் தொட்டுவிட்டால் போதும். பட்டி என்பது சுவருக்கும் பெயிண்டுக்கும் நடுவே இன்னோர் அடுக்கு. அது பிடிப்பு விட்டால் மேலே உள்ள எல்லாமே சேர்ந்து விழும். ஏற்காட்டில் மழை முகமாக உள்ள சுவருக்கு முழுப் பட்டி வேண்டவே வேண்டாம்.

பார்ப்பதென்றால் வெள்ளைச் சிமென்ட் பட்டி மட்டுமே. அக்ரிலிக் பட்டி வீட்டுக்குள் மட்டும். சுவரை லேசாக நனைத்துவிட்டு இழுக்க வேண்டும். இரண்டு கோட் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மேற்குச் சுவரில் உச்சி வெயிலில் இழுத்தால் தண்ணீர் உடனே ஆவியாகிப் பட்டி இறுகாமல் மாவாகவே நின்றுவிடும்.

பிரைமரை விட்டுவிட்டு மூன்று கோட் பெயிண்ட் அடிக்கலாமா?

கூடாது. பிரைமர் சுவரின் உறிஞ்சலையும் காரத்தையும் கட்டுப்படுத்துவது. பழைய பெயிண்ட் பிடிப்பாக இருக்கும் இடத்தில் மட்டும் விடலாம். பட்டி தொட்ட இடம், மறுபூச்சு, மாவு கொட்டிய சுவர் எல்லாவற்றுக்கும் கட்டாயம்.

எத்தனை லிட்டர் வாங்க வேண்டும்?

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். 30க்கு 40 அடி வீடு, இரண்டு தளம். சுற்றளவு 140 அடி. தளத்துக்கு 10 அடியாக 20 அடி, கைப்பிடிச் சுவர் 3 அடி, மொத்த உயரம் 23 அடி. 140ஐ 23ஆல் பெருக்கினால் 3,220 சதுரடி. கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் 420 சதுரடி. ஆக 3,640. கதவு, ஜன்னலுக்குக் கழிப்பதும் சன்ஷேடுக்குக் கூட்டுவதும் கிட்டத்தட்ட ஈடாகிவிடும்.

வழவழப்பான சுவரில் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 50 சதுரடி வரும். 3,640க்கு 73 லிட்டர். 20 லிட்டர் வாளி மூன்று, 10 லிட்டர் ஒன்று, 4 லிட்டர் ஒன்று. பிரைமர் ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுரடி என்று வைத்தால் 36 லிட்டர். சொரசொரப்பான பூச்சு, டெக்ஸ்சர் என்றால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடிக்கும். டப்பாவில் அச்சிட்ட சதுரடி சமதளச் சுவரில் எடுத்த கணக்கு, அதை நம்பி இறுக்கமாக வாங்காதீர்கள்.

பெயிண்டில் எவ்வளவு தண்ணீர் கலக்கலாம்?

வெளிச்சுவர் எமல்ஷன்கள் பலவற்றுக்கு 30 முதல் 40 சதவீதம் என்று டப்பாவில் இருக்கும். அதாவது 20 லிட்டர் வாளிக்கு 6 முதல் 8 லிட்டர். தடித்த நீர்த்தடுப்பு வகைகளுக்கு மிகக் குறைவு. உங்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். வேலை கெடும் இடங்களில் இது முக்கியமானது, காரணம் கண்ணுக்குத் தெரியாது. 15 லிட்டர் ஊற்றினாலும் அன்றைக்குச் சுவர் நன்றாகத்தான் இருக்கும். ஒரு வெயில் காலம் கழிந்ததும் திட்டுத் திட்டாக வெளுக்கும். அளவு குறித்த ஒரு மக்கைப் பெயிண்டர் கையில் கொடுத்துவிடுங்கள். கலக்க மேட்டூர் குடிநீரைப் பயன்படுத்துங்கள், கடினமான போர் தண்ணீர் வேண்டாம்.

நாளில் எந்த நேரம், எந்தச் சுவர்?

சேலத்தில் நிழலைத் துரத்திக்கொண்டு போக வேண்டும். காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவர், வெயில் உச்சியில் வடக்கு. தை மாசியில் தெற்குச் சுவருக்கு நாள் முழுக்க வெயில் விழும், அதை விடிந்ததும் முடித்துவிடுங்கள். கை வைத்தால் சுடும் சுவரில் ரோலர் ஓட்டினால் முந்தின இழுப்பு காய்ந்துவிடும், அடுத்தது அதன் மேல் ஏறி வரிவரியாகத் தெரியும். வேலையை நடுச்சுவரில் நிறுத்தாமல் மூலையிலோ குழாய்க்குப் பின்னாலோ நிறுத்துங்கள்.

ஏற்காட்டில் தலைகீழ். காலைப் பனி விலகி, சுவர் தொட்டால் உலர்வாக இருக்கும் நேரத்தில் தொடங்கி, மதியம் இரண்டு, இரண்டரைக்குள் நிறுத்த வேண்டும். மாலை மூடுபனி காயாத பெயிண்டில் படிந்தால் பிசுபிசுப்பாகக் கோடு இறங்கும். இரண்டு கோட்டுக்கு நடுவே டப்பா 4 மணி நேரம் என்று சொன்னாலும் அங்கே ஒரு நாள் விடுங்கள்.

எந்த நிறம் வெளுக்காமல் நிற்கும்?

காவி, செங்கல், மண் மஞ்சள், பழுப்பு, சாம்பல். இவற்றில் பெரும்பங்கு இரும்பு ஆக்சைடு நிறமி, வெயிலைத் தாங்கும். பளீர் சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், ஊதா போன்றவை மேற்குச் சுவரில் சீக்கிரம் வெளுக்கும். பளீர் நிறம் ஆசையென்றால் போர்டிகோவுக்குள் நிழலில் வையுங்கள். தரையை ஒட்டி இரண்டடிப் பட்டையைச் செங்கல் நிறத்தில் விட்டால் மழையில் தெறிக்கும் செம்மண் கறை தெரியாது. கடையில் மெஷினில் கலக்கும் நிறம் வாளிக்கு வாளி நூலளவு மாறலாம். ஒரே நாளில் வாங்கி, பெரிய டிரம்மில் எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்கிவிட்டு அடியுங்கள்.

ஏற்காட்டில் பழைய கருங்கல், சுண்ணாம்புக் காரை பங்களா. எமல்ஷன் அடிக்கலாமா?

வேண்டாம். அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சி, வெளிவிட்டு வாழும் சுவர். பிளாஸ்டிக் படலம் போட்டால் ஈரம் உள்ளே தங்கிக் காரையைக் கெடுக்கும், உள்ளறையில் பூஞ்சை வாடை வரும். சுண்ணாம்பு அடிப்பதே சரி. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கும், ஆனால் சுரண்ட வேண்டியிருக்காது. காரை போன இடுக்குகளைச் சிமென்டால் அடைக்காமல் சுண்ணாம்புக் காரையாலேயே அடையுங்கள்.

கேட், கிரில், தகரக் கூரை?

இரும்பில் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து அன்றைக்கே ரெட் ஆக்சைடோ ஜிங்க் பாஸ்பேட் பிரைமரோ கொடுங்கள். ஏற்காட்டில் ஓர் இரவு விட்டால் மறுநாள் புதுத் துரு. அதன் மேல் எனாமல் இரண்டு கோட், மெல்லிசாக. துத்தநாகம் பூசிய புதுத் தகரத்தில் நேராக எனாமல் அடித்தால் சில மாதத்தில் செதிலாக உரியும். எனாமலின் எண்ணெய் துத்தநாகத்தோடு வினைபுரிவதால் வருவது இது. அதற்கென்று விற்கும் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும்.

பழைய எனாமலில் ஈயம் இருந்திருக்கலாம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய கேட்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, தூளைத் துணியில் துடைத்தெடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

சாரம் கட்டும்போது கவனிக்க வேண்டியது?

மின்கம்பி. தெருக் கம்பி வீட்டை ஒட்டிப் போனால் அந்தப் பக்க வேலைக்கு முன் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து மின்சாரத்தை நிறுத்தி வாங்குங்கள். ஈரக் கம்பும் அலுமினிய ஏணியும் ரோலர் குச்சியும் கம்பிக்குப் பக்கத்தில் போகவே கூடாது. முதல் மாடிக்கு மேல் இடுப்புக் கயிறு இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். சாரத்துக்காகச் சுவரில் போட்ட ஓட்டைகளைக் கலவை வைத்து அடைத்தார்களா என்று சாரம் பிரிக்கும்போதே எண்ணிப் பாருங்கள். பிரித்த பிறகு யாரும் ஏற மாட்டார்கள்.

காண்ட்ராக்ட் பேசும்போது எழுதி வாங்க வேண்டியவை?

சதுரடி என்றால் சுவர்ச் சதுரடியா, கட்டடத் தளச் சதுரடியா என்பதை முதலில். சண்டைகளில் பாதி இங்கேதான் தொடங்கும். பெயிண்டின் கம்பெனிப் பெயரோடு ரகத்தின் பெயரும் வேண்டும். ஒரே கம்பெனியில் நான்கைந்து தரம் உண்டு. எத்தனை கோட், சுரண்டலும் பாசி கழுவலும் கூலிக்குள் அடங்குமா, சாரம் யார் செலவு என்பதையும் எழுதுங்கள். பெயிண்டை நீங்களே வாங்கிக் கொடுத்தால் வாளியின் சீலை உங்கள் எதிரில் உடைக்கச் சொல்லுங்கள். காலி வாளிகள் வேலை முடியும்வரை வீட்டிலேயே இருக்கட்டும். சுவரைச் சுரண்டிக் கழுவியதும் ஒரு பங்கு, பிரைமர் முடிந்ததும் ஒரு பங்கு, கடைசி கோட் காய்ந்து ஒரு வாரம் கழித்து மீதி என்று பணத்தைப் பிரித்துக்கொள்ளலாம்.

காம்பவுண்ட் சுவருக்கும் அதே பெயிண்ட்தானா?

இதுவரை எதுவும் அடிக்காத சுவரென்றால் சிமென்ட் பெயிண்டே போதும், செலவு குறைவு. அடிப்பதற்கு முன் சுவரை நனைத்து, அடித்த மறுநாளிலிருந்து தண்ணீர் தெளிக்க வேண்டும். ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சிமென்ட் பெயிண்ட் பிடிக்காது.

மீந்த பெயிண்டை வைத்திருக்கலாமா?

தண்ணீர் கலக்காதது மட்டும். ஒரு லிட்டர் டப்பாவில் விளிம்புவரை நிரப்பி, மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். டப்பாவின் மேல் நிற எண், ரகம், அடித்த தேதி, எந்தச் சுவர் என்று எழுதி ஒட்டுங்கள். கேபிள்காரரோ குழாய்க்காரரோ சுவரைத் துளைத்துவிட்டுப் போன பின் தொட்டுவிட அது உதவும்.